டெய்லரம்மா பீட்சாக் கடை

கண்டக்டர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்றே அவருக்குப் புரிந்துவிட்டது, இந்த வண்டிக்கு டிரைவர் வேறு ஆள் என்று. பஸ்ஸில் அவர் ஒரு விசில் கொடுத்தால் அத்தனை டன் இரும்பும் அப்படியே நிற்கும். வீட்டில் விசில் கொடுத்தால் பொங்குகிற பால்கூட நிற்காது.

டிரைவர், அவர் மனைவி. தெரு முழுக்க டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தையல் கடை. அந்த வட்டாரத்தில் டெய்லரம்மாவின் டேப் படாத உடம்பே கிடையாது என்று கண்டக்டர் சொல்லித் திரிவார். குழந்தை பிறந்தால் முதலில் அளவெடுப்பது நர்ஸ், இரண்டாவது தன் வீட்டம்மா என்பார். கேட்பவர் நம்பாவிட்டால் நர்ஸையும் எடுத்துவிட்டுச் சொல்வார்.

தையல் கடைக்குப் பக்கத்துக் கடை ஒரு பீட்சாக் கடை. நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யானை படுத்த மாதிரி ஒரு செங்கல் அடுப்பு. இந்தப் பக்கம் டெய்லரம்மாவின் மெஷின். எத்தனையோ வருஷம் அந்தச் சுவரின் சூட்டில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, அந்த மாவு வேகும் வாசனையை மூக்கால் தின்றுகொண்டேதான் டெய்லரம்மா ஊருக்குக் கால்சட்டை தைத்தார். பீட்சாக்காரர் வயசாகி மகனோடு இருக்கப் போய்விட்டார். அடுப்பை விட்டுவிட்டுத்தான் போனார். அதைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் கட்டிடத்தையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் டெய்லரம்மா சொன்னார்.

"என்னங்க, சுவரு செத்துப் போச்சு."

கண்டக்டர் கையிலிருந்த தட்டோடு கூரையை அண்ணாந்து பார்த்தார். "எங்க? விழுந்துடுச்சா?"

"விழல. ஆறிப் போச்சு. முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு. அந்தக் கடைய நாம எடுத்துக்கலாம்."

"எடுத்து?"

"பீட்சா போடலாம்."

"பீட்சா போட உனக்குத் தெரியுமா?"

"கட்டிக்கறதுக்கு முன்னாடி உங்களக்கூடத்தான் எனக்குத் தெரியாது. ஓட்டலையா?"

தையல் கடையை மகள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடானது. இரண்டு கடைக்கும் சொந்தக்காரர் முதல் மாடியில் இருந்த தலைவியம்மா. குடியிருப்புச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி என்பதால் அந்தப் பெயர். மாடிப்படிக் கைப்பிடியில் ஈரத் துண்டு காயப்போட்டவரைக்கூட நோட்டீஸ் போர்டில் ஏற்றிவிடும் கறார்ப் பேர்வழி. ஆனால் தனக்குத் தைத்துக் கொடுத்த கைக்குச் சாவியைக் கொடுக்க அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

யோசித்தது டெய்லரம்மாவின் தம்பி. பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்துப் பிரிவு மேனேஜர். டை கட்டாமல் அவனை அவன் அம்மாவே பார்த்ததில்லை என்பது கண்டக்டரின் கணக்கு. விஷயம் கேள்விப்பட்டு, டையோடு வந்து நின்றான்.

"அக்கா, இது தையல் இல்ல. தப்பாப் போனா பிரிச்சுத் தைக்க முடியாது. இந்தத் தொழில்ல அனுபவம் இருக்கறவனே முழி பிதுங்குறான். ஒரு அனுபவமும் இல்லாம எறங்கறியே?"

"நீ பொறந்தப்போ தம்பி வளத்து எனக்கு என்னடா அனுபவம் இருந்துச்சு? வளக்கலையா?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"மச்சான், நான் பின்வாசல் ஆளு" என்றார் கண்டக்டர். "முன்னாடி என்ன நடக்குதுன்னு எனக்கு எப்பவுமே தெரியாது."

இப்படித்தான் கடை திறந்தது. தம்பி பயந்தது வீண் போகவில்லை. முதல் கொஞ்ச நாள் அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னமும் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

முதலில் வந்த வாடிக்கையாளர் பெரிய பீட்சா ஒன்று கேட்டார். டெய்லரம்மா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வியாழக்கிழமை வந்து பாருங்க, போட்டுப் பாத்துட்டு வேணும்னா பிடிச்சுக் குடுக்கறேன்" என்றார். அந்த மனிதர் பீட்சாவை எங்கே போட்டுப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே தெருக்கோடி வரை போய்விட்டார். கண்டக்டர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

அடுத்தது மாவு. டெய்லரம்மா அதைக் கட்டையால் பரப்பி, டேப் வைத்து அளந்து, கத்தரிக்கோலால் அச்சு அசலாய் வட்டம் வெட்டுவார். வட்டம் என்றால் நிலா வந்து பாடம் படிக்க வேண்டிய வட்டம். வெட்டி முடித்த மாவு மிச்சத்தைச் சுருட்டி ஒரு பையில் போட்டு பீட்சாவோடு சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். துணி மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காத டெய்லரை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அவர்கள் வீட்டில் போய்ப் பையைப் பிரித்துப் பார்த்து, இதை என்ன செய்வது, மேலே ஒட்ட வேண்டுமா, பிற்பாடு கிழிந்தால் ஒட்டுப் போடவா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசினார்களாம்.

இதெல்லாம் சிரிப்போடு போய்விடும். போகாத ஒன்று இருந்தது. வெட்டிய வட்டம் அடுப்புக்குப் போவதற்குள் சுருங்கிவிடும். பெரிய தட்டு அளவுக்கு வெட்டினால் சாசர் அளவுக்கு வந்து நிற்கும். மறுபடி இழுத்தால் ரப்பர் மாதிரி விருட்டென்று பின்வாங்கும். டெய்லரம்மா இழுக்க, மாவு இழுக்க, ஒருநாள் மாவுதான் ஜெயிக்கும் என்று கண்டக்டர் பயந்தார்.

தம்பி வந்து பார்த்தான். "சொன்னேன்ல" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. டை சொன்னது.

அன்று மதியம் மகளுக்குச் சிக்கலாய் ஒரு வெட்டு வேலை இருந்தது. டெய்லரம்மா உதவிக்குப் போனார். பின்னல் துணி, கட்டாக வந்து இறங்கியிருந்தது. மகள் கத்தரியை எடுத்ததும் டெய்லரம்மா சத்தம் போட்டார்.

"ஏண்டி, இப்பத்தான் சுருள் பிரிச்சிருக்கே, உடனே வெட்டுவியா? விறைச்சுக்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் மேசையில அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். அலுப்பு தீந்தப்புறம் வெட்டு, இல்லேன்னா தச்சதுக்கப்புறம் சுருங்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகக்கூடப் பொறுமையில்லாமல் சுவரைத் துளைத்துக்கொண்டு போனதாகத்தான் கண்டக்டர் இன்றைக்கும் சொல்கிறார். போய் மாவு உருண்டைகளை ஈரத்துணி போட்டு மூடினார். "யாரும் தொடாதீங்க. தூங்கட்டும்" என்று விட்டார். கட்டையைத் தூக்கி மூலையில் போட்டார். கத்தரியை மகளிடம் கொடுத்தனுப்பினார். தூங்கி எழுந்த மாவை விரலால் அழுத்தியதும் அது சொன்ன பேச்சுக் கேட்டு விரிந்தது. இழுத்த இடத்தில் நின்றது. அன்றைக்கு வந்த பீட்சாவைக் கண்டக்டர் சாப்பிட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இரண்டாவது துண்டைத்தான் உள்ளே போட்டார்.

கடை சூடு பிடித்தது. சாயங்காலமானால் வாசலில் கூட்டம். கண்டக்டர் கல்லாவில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!" என்பார். நடுவில் இடமே இருக்காது. பீட்சா தயாரானால் ஒரு விசில். மேசை காலியானால் இரண்டு விசில். விசில் கேட்டால் தெரு நாய்கள் வரிசையில் வந்து நிற்கும் என்பது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் கண்டக்டரே ஒரு பள்ளம் வெட்டினார். ஒரு விறகு வண்டிக்காரன் சல்லிசாகக் கொடுக்கிறேன் என்றான். கண்டக்டர் வண்டியோடு இறக்கிவிட்டார். பச்சை விறகு. அடுப்பில் வைத்தால் எரிவதற்குப் பதில் அழுதது. புகை என்றால் சாதாரணப் புகையா? மூன்றாம் மாடிக்காரர் தன் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போக வழி விசாரிக்க வேண்டியதாயிற்று. மொட்டை மாடியில் அவர் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள், எல்லாம் டெய்லரம்மாவே தைத்தவை, சுருட்டுப் பெட்டிக்குள் கிடந்த மாதிரி மணத்தன.

மூன்றாம் மாடிக்காரர் கோபப்பட்டுக் கத்துகிற ரகமில்லை. விதிமுறை பேசுகிற ரகம். அது இன்னும் மோசம். நேரே தலைவியம்மாவிடம் போனார்.

தலைவியம்மா கடைக்கு வந்து முகம் பார்க்காமல் சொன்னார். "கடை என்னோடதுதான். ஆனா சங்கத்துக்கும் நான்தானே தலைவி? எனக்குன்னு தனிச் சட்டம் வெச்சுக்க முடியாது. வர்ற கூட்டத்துல கை தூக்கச் சொல்றேன். அடுப்ப இடிக்கணும்னு நெறைய கை வந்தா இடிச்சுத்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க."

"தப்பா நினைக்கல" என்றார் டெய்லரம்மா. "கூட்டத்துக்குச் சாப்பாடு எங்க கடையிலேருந்துதான். இடிக்கறதுன்னா சாப்பிட்டுட்டு இடிங்க."

கண்டக்டர் பச்சை விறகை எல்லாம் திருப்பி ஏற்றி அனுப்பினார். நன்றாகக் காய்ந்த விறகு வந்தது. புகைபோக்கியை ஆள் வைத்துச் சுரண்டியதில் ஒரு காக்கைக் குடும்பத்துக்கான சாமான்கள் அத்தனையும் வெளியே விழுந்தன. இப்போது அடுப்பு, மூச்சு விடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சுத்தமாய் எரிந்தது. ஆனாலும் சட்டையில் ஏறிய வாசனை மனசிலிருந்து அவ்வளவு சீக்கிரம் போகுமா?

கூட்டத்தன்று மதியம் மாவு பிசைந்துகொண்டே டெய்லரம்மா தலை நிமிராமல் பேசினார்.

"இத்தனை வருஷமா மத்தவங்க அளவுக்குத்தான் வெட்டினேன், தச்சேன். இந்தக் கடை ஒண்ணுதாங்க என் அளவுக்கு எடுத்தது. இத இடிச்சாங்கன்னா நான் மறுபடி மெஷின்ல உக்காந்துக்குவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா எதையும் ஆசைப்பட்டு இன்னொரு தடவை கேக்க மாட்டேன்."

கண்டக்டர் இருப்பதிலேயே நன்றாகக் காய்ந்த விறகாகப் பொறுக்கி அடுப்பில் வைத்தார்.

கார் நிறுத்தும் இடத்தில், கடையின் பின்கதவுக்கு எதிரே, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மொத்தக் குடியிருப்பும் வந்துவிட்டது. முதலில் லிஃப்ட் விவகாரம். அதை முடித்துவிட்டுச் சாப்பாடு, அதற்கப்புறம் அடுப்பு என்று தலைவியம்மா அறிவித்தார். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் லிஃப்ட் ரிப்பேருக்குக் கீழ்த்தளத்துக்காரர்களும் பணம் தர வேண்டுமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரர்களும் மேல் வீட்டுக்காரர்களும் பரம்பரைப் பகையாளிகள் மாதிரி கிளம்பினார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து போனது. லிஃப்ட் மட்டும் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

உள்ளே மாவு காத்திருந்தது. அடுப்பு தகதகவென்று இருக்க, அந்தச் சூட்டில் தொட்டி தொட்டியாக மாவு தூங்கிக்கொண்டே இருந்தது. தூங்கட்டும் என்று விட்டால் ஒரேயடியாகத் தூங்கிவிட்டது. டெய்லரம்மா மூடியைத் திறந்தபோது மாவு புசுபுசுவென்று பொங்கி, பிடித்த பிடியில் தொய்ந்தது. கையில் எடுத்து விரித்ததும் நடுவில் கிழிந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் கிழிந்தது. இன்னொன்று ஓரத்திலிருந்து சரசரவென்று போயிற்று.

உதவிக்கு வந்திருந்த தம்பி அன்றைக்குத்தான் டையைக் கழற்றி வைத்திருந்தான். மாவைத் தொட்டுப் பார்த்து முகம் வெளுத்தான்.

"அக்கா, அளவுக்கு மீறிப் புளிச்சிருச்சு. இனி இது தாங்காது. நான் ஹோட்டலுக்கு ஒரு போன் போடறேன், சாப்பாடு வந்துரும். மானத்தக் காப்பாத்திக்கலாம்."

"போன உள்ள வைடா."

"அக்கா, கிழிஞ்சு போச்சுக்கா!"

டெய்லரம்மா கையிலிருந்த கிழிந்த வட்டத்தைப் பார்த்தார். கண்டக்டருக்கு அந்தப் பார்வை தெரியும். வாடிக்கையாளர் குறைச்சலாய்த் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெரிய உடுப்புக் கேட்கும்போது துணியை அப்படித்தான் பார்ப்பார்.

"கிழிஞ்சதுன்னு வந்த எதையாவது நான் திருப்பி அனுப்பி நீ பாத்திருக்கியா?" என்றார். "என்னங்க, இன்னும் கொஞ்ச நேரம் அவங்கள வெளியிலயே பிடிச்சு வைங்க."

கண்டக்டர் வெளியே வந்தார். லிஃப்ட் சண்டை அப்போதுதான் அணையத் தொடங்கியிருந்தது. தலைவியம்மா சாப்பாட்டுக்கு அழைக்க வாய் திறக்கும்போது கண்டக்டர் கை தூக்கினார்.

"ஒரே ஒரு சின்ன சந்தேகம். தண்ணித் தொட்டி எப்பவும் பாதியிலயே காலியாகுதே, அது எந்த மாடில அதிகமாப் போகுது?"

எல்லா மாடியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. கண்டக்டர் திருப்தியோடு பின்கதவில் சாய்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

டெய்லரம்மா கிழிந்த வட்டத்தை மேசையில் போட்டிருந்தார். கிழியாத பாதியில் தக்காளியும் சீஸும் வைத்தார். கிழிந்த பாதியைத் தூக்கி அதன்மேல் மடித்தார். ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு துண்டு மாவைக் கிள்ளி, ஈரம் தொட்டு, ஒட்டுப் போட்டார். அப்புறம் ஓரம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, பாவாடை இடுப்புக்குச் சுருக்கு வைப்பது மாதிரி, மடிப்பு மடிப்பாய், ஒரே இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்று படிய ஓடின. அந்த விரல்கள் போன வேகத்துக்கு மெஷின் பெடல் சத்தம்தான் கேட்கவில்லை. தம்பி பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அக்கா மடித்ததை எல்லாம் நீளக் கைப்பிடி வைத்த மரத் துடுப்பில் ஏற்றி அடுப்புக்குள் தள்ள ஆரம்பித்தான்.

"பிரிஞ்சிடுமாக்கா?"

"பிரிஞ்சா சீஸ் எல்லாம் அடுப்புக்குத்தான். புகைஞ்சா மூணாம் மாடிக்குத்தான். வாய மூடிட்டுத் தள்ளு."

அடுப்புக்குள் அவை மூச்சு இழுத்துக்கொண்டு உப்பின. அரைநிலா மாதிரி, குண்டு குண்டாய், பொன்னிறமாய். முதல் ஈடு வெளியே வந்தது. கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். தண்ணீர்ச் சண்டை பாதி வசவில் நின்றது.

ஆளுக்கு ஒன்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். இதென்ன பீட்சாவா, தலையணையா என்று யாரோ கேட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் தன் பங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே கடிப்பது என்பதற்கு விதிமுறை ஏதும் இல்லாததால் ஒரு ஓரமாகக் கடித்தார். உள்ளேயிருந்து ஆவி வந்து அவர் கண்ணாடியை மூடியது. கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்படியே குருட்டாம்போக்கில் இரண்டாவது தடவை கடித்தார்.

கொஞ்ச நேரம் அங்கே மெல்லும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தது கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

தம்பி ஒன்றைக் கடித்துவிட்டு அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அக்கா! இது என்னன்னு தெரியுமா? கால்ஸோனே! இத்தாலியில இதுக்குத் தனிப் பேரே இருக்கு. எங்க ஹோட்டல்ல இதப் போடறதுக்குன்னே ஒரு ஆளு இருக்காரு. நீ யாருகிட்ட கத்துக்கிட்டே?"

"அப்படியா?" என்றார் டெய்லரம்மா. "அப்போ அங்கயும் எவளோ ஒருத்தி மாவக் கிழிச்சிருக்கா."

தலைவியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சீஸ் ஒரு நூல் மாதிரி அவர் மோவாயில் தொங்கியது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கறாரான குரலிலேயே கேட்டார்.

"சரி, விஷயத்துக்கு வருவோம். அடுப்ப இடிக்கணும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

கண்டக்டருக்கு நெஞ்சு மணியடித்தது. எத்தனையோ மலைப் பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியில் நின்றிருக்கிறார், இப்படி அடித்ததில்லை. டெய்லரம்மா கதவோரம் மாவுக் கையோடு அசையாமல் நின்றார்.

ஒரு கைகூட எழவில்லை. மூன்றாம் மாடிக்காரரைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் தன் அரைநிலாவைப் பிடித்திருந்தார். மெதுவாக எழுந்தார்.

"தலைவியம்மா, இன்னிக்கு மொத்த நேரமும் நான் புகைபோக்கியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். புகை வரல. இந்த மாதிரி காஞ்ச விறகுதான் எரிக்கணும்னு ஒரு விதி எழுதிடுங்க. அடுப்பு இருக்கட்டும்." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "விதிய நான் எழுதித் தரேன். சாப்பிட்டுட்டு."

"அடுப்பு இருக்கணும்னு சொல்றவங்க?"

கைகள் எழுந்தன. தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைக்க யாருக்கும் மனசில்லை, வைத்திருந்த கையோடேயே தூக்கினார்கள். சிலர் இரண்டு கையும். கார் நிறுத்தும் இடம் முழுக்க, சாய்ந்த வெளிச்சத்தில், அத்தனை அரைநிலாக்கள் ஒரே நேரத்தில் உதித்தன. வானத்து நிலா அன்றைக்கு வெட்கப்பட்டு வெளியே வரவில்லை என்று கண்டக்டர் சத்தியம் செய்வார். அவர் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம்.

தம்பி கைதட்டினான். மகள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஊதினார், காற்றுத்தான் வந்தது. பெருமையில் வீங்கிப்போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பாத்தியாம்மா, எத்தனை கைன்னு?"

டெய்லரம்மா கைகளைப் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, தூக்கிப் பிடித்த ஒவ்வொன்றின் ஓரத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி நாற்காலி வரைக்கும் பார்த்து முடித்த பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஒரு மடிப்புக்கூடப் பிரியலைங்க" என்றார்.